அறுபத்தெட்டாவது கருத்தரங்கின் சிறப்பு விருந்தினர்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? மேலே வைத்தால் இந்தப் பஸ் குலுக்குகிற குலுக்கலில் தாங்காது. உள்ளே கண்ணாடி. நினைவுப் பரிசு. எனக்கு வந்தது இல்லை, நான் கொடுக்கப் போகிறது. நீங்களும் கரூர்தானா? நல்லது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வருவேன். தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பாக நினைக்க மாட்டேன். மேடையில் பேசிப் பழகியவனுக்கு எதிரில் ஆள் தூங்குவது புதிதில்லை.

நான்கு மாதமாக அது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பெயர் பொறித்துவிட்டோம். இல்லாவிட்டால் அடுத்த மாத விருந்தினருக்குக் கொடுத்திருப்போம். ‘திரு. செல்லாண்டி அவர்கள், சிறப்பு விருந்தினர், அறுபத்தெட்டாவது கருத்தரங்கம்’ என்று இருக்கும். இதுவரை எழுபத்திரண்டு நடத்தியிருக்கிறேன். நினைவுப் பரிசு வாங்காமல் போன சிறப்பு விருந்தினர் அவர் ஒருவர்தான். நான் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே, என் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்து போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நான் யார் என்று சொல்லவில்லையே. பூமிநாதன். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருஷம். ஊர் மேலக்கோட்டை, புதுக்கோட்டைக்குத் தெற்கே. ஓய்வு பெற்ற மாதமே ‘ஊடகமும் சமூகமும் சிந்தனை அரங்கம்’ ஆரம்பித்தேன். நான் செயலாளர். தலைவர் ஒரு ஹோமியோபதி டாக்டர், தலைமையுரை ஆற்றுவார். மாதம் தவறாமல் இரண்டாம் ஞாயிறு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வர்த்தகர் சங்க மாடியில். ‘தொலைக்காட்சித் தொடர்களும் குடும்ப அமைப்பும்’ நடத்தியிருக்கிறோம். ‘கைப்பேசியும் மாணவர் சமுதாயமும்’ மூன்று தடவை. ‘இணையம், வரமா சாபமா’ நடத்தினோம். ‘செயற்கை நுண்ணறிவு, வரமா சாபமா’ நடத்தினோம். எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே முடிவுக்குத்தான் வந்தோம். வரமாவதும் சாபமாவதும் பயன்படுத்துகிறவர் கையில் இருக்கிறது. அதில் மாற்றுக் கருத்து வந்ததே இல்லை.

ஒவ்வொரு கருத்தரங்கத்துக்கும் ஒரு படம், ஆல்பத்தில் ஒரு பக்கம். விருந்தினர் பரிசு வாங்குகிற மாதிரி. வலப்பக்கம் தலைவர், இடப்பக்கம் நான், நடுவில் பரிசைப் பிடித்தபடி அவர். அறுபத்தெட்டாம் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. புரட்டும்போது அந்தப் பக்கம் வந்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் எங்கள் பக்கம் ஒரு செய்தி பரவியது. உங்களுக்கும் வந்திருக்கலாம். எனக்கு மனப்பாடம். ‘எச்சரிக்கை. கொசுவலை விற்பதுபோல வந்து குழந்தைகளை வலையில் சுருட்டிக் கடத்தும் கும்பல் நம் மாவட்டத்தில் நுழைந்துள்ளது. படத்தில் இருப்பவன் அவர்களில் ஒருவன். இவனைக் கண்டால் உடனே பிடித்துத் தகவல் தெரிவிக்கவும். அதிகம் பகிரவும்.’ கீழே ஒரு படம். மொபெட் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பதால் முகம் ஒரு மாதிரியாக இருக்கும். பின்னால் சாக்கு மூட்டை. யாரோ ஜன்னல் வழியாக எடுத்தது.

காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் குரூப்புகளுக்குக் காலை வணக்கம் அனுப்புவது என் வழக்கம். கட்டிலில் கொசுவலைக்குள் உட்கார்ந்தபடியே முடித்துவிடுவேன், வெளியே வந்தால் கடிக்கும். அன்றும் அப்படித்தான். பதினொரு குரூப். நான் எதையும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறவன் இல்லை. மேலே ‘பெறப்பட்டபடி பகிரப்படுகிறது’ என்று ஒரு வரி சேர்த்துத்தான் அனுப்பினேன். முப்பத்தாறு வருஷம் அரசாங்கத்தில் இருந்தவனுக்கு அந்தக் கவனம் இருக்கும்.

மறுநாள் ஒரு ஊரில் அந்த ஆளைப் பிடித்துவிட்டார்கள். அடித்து, மொபெட்டைக் கொளுத்தி, இடது கை மணிக்கட்டு உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் ஆறு வரி வந்தது. அப்படி ஒரு கும்பலே இல்லை, அவர் கரூரிலிருந்து வந்து கொசுவலை விற்கிறவர் என்று.

அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இது நல்ல தலைப்பாயிற்றே என்று. ‘வதந்திகளும் சமூக ஊடகங்களும்’. நாங்கள் தொடாத தலைப்பு.

படத்தை என் மனைவி மனோன்மணியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “ஏங்க, இது நம்ம வலைக்காரருங்க” என்றாள்.

“எந்த வலைக்காரர்?”

“நீங்க படுத்திருக்கீங்களே, அந்த வலையத் தெச்சுக் குடுத்தவரு. வாசல்ல உக்காந்து கட்டிலுக்கு அளவெடுத்தாரு. தண்ணி வாங்கிக் குடிச்சாரு. நீங்க அந்தாண்ட நாற்காலியிலதான் உக்காந்திருந்தீங்க. மூஞ்சியப் பாக்கலயா?”

நான் ஏன் பார்க்கிறேன்? அன்று நான் அழைப்பிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். வலை நல்ல வலை, அதைச் சொல்ல வேண்டும்.

அவர் நம்பர் வலையோடு வந்த பிளாஸ்டிக் உறையில் இருந்தது. போன் போட்டேன். “யாருங்க?” என்றார். எடுத்ததும் ஒரு பயம் குரலில். சொன்னேன்.

“கருத்தரங்கமுங்களா? அதுல எனக்கு என்னங்க வேலை?”

“பாதிக்கப்பட்டவரே மேடையில் பேசினால் மக்கள் கேட்பார்கள். சிறப்பு விருந்தினர் நீங்கள்தான்” என்றேன்.

அப்புறம் சொன்னார்: “வர்றனுங்க. ஆனா ரெண்டு விசயமுங்க. என்ற படத்த எங்கயும் போடப்படாது. இன்னொண்ணு, அந்தச் சேதி வந்த குரூப்புலயே, அது பொய்யி, இந்தாளு வலை விக்கறவன்னு ஒரே ஒரு வரி போடோணும். அது போட்டாப் போதுமுங்க. நான் மேடை ஏறோணும்னுகூட இல்லீங்க.”

“அவ்வளவுதானே?”

“அவ்வளவுதானுங்க. படம் இங்க எங்க ஊரு வரைக்கும் வந்துருச்சுங்க. எம் புள்ள மூணாவது படிக்குது. பள்ளிக்கூடம் விட்டா நாந்தான் போயிக் கூட்டியாருவேன். இப்ப வாசல்ல நின்னா அல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. ஒருத்தரு வந்து, ‘யார் நீ, எந்தப் புள்ளைக்கு நிக்கற’ன்னு கேட்டாருங்க. அதுலயிருந்து என்ற சம்சாரம்தான் மில்லுல அரை நேரம் சொல்லிட்டு ஓடுது.”

எனக்கே உருக்கமாக இருந்தது. “இதை அப்படியே மேடையில் சொல்லுங்கள். ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம்” என்றேன்.

அந்த ஒரு வரியைப் பற்றித் தலைவரிடம் பேசினேன். டாக்டர் யோசித்துவிட்டு, “இப்பவே போட்டுட்டா அப்புறம் கருத்தரங்கத்துக்கு யாருங்க வருவா?” என்றார். நியாயமான கேள்வி. தவிர, நான் பகிர்ந்தவன்தானே, எழுதியவன் இல்லை. மறுப்பை நான் போட்டால் முதலில் எழுதியதும் நான்தான் என்று ஆகிவிடும். ஆகவே கருத்தரங்கத்திலேயே தெளிவுபடுத்துவது என்று முடிவு செய்தோம்.

அடுத்தது ஃப்ளெக்ஸ். எங்கள் ஊரில் ரெஜினா என்று ஒரு அம்மாள் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். நிகழ்ச்சிக்குப் படமும் அவர்தான் எடுப்பார். ஆறு வருஷமாக எங்களுக்கு அவர்தான். வாய் கொஞ்சம் அதிகம், வேலை சுத்தம்.

ஃப்ளெக்ஸ் என்றால் அதில் எல்லார் படமும் இருக்க வேண்டும். தலைவர் படம், என் படம், வாழ்த்துரை வழங்க இசைந்திருந்த காவல் ஆய்வாளர் படம். சிறப்பு விருந்தினருக்கு மட்டும் படம் இல்லாமல் வெற்று வட்டம் விட்டால் எப்படி இருக்கும்? அவரை அவமானப்படுத்தியதுபோல இருக்காதா? படம் வேண்டாம் என்று அவர் சொன்னார், வாஸ்தவம். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். அறுபத்தேழு பேரைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் வேண்டாம் என்பார்கள், போடாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அவர் படம் என்று என்னிடம் இருந்தது ஒன்றுதான். அதைத்தான் ரெஜினாவுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார். “சார், எந்தப் படத்த அனுப்பியிருக்கீங்க தெரியுதா?”

“தெரியுது. வேறு இல்லை.”

“வேற இல்லன்னா விட்டுருங்க சார். பேரு மட்டும் போடுவோம். இதப் பாத்தா எல்லாருக்கும் அது இல்ல ஞாபகம் வரும்?”

“அதுதான் வேண்டும் அம்மா. அது தவறு என்று காட்டுவதுதானே நிகழ்ச்சி.”

“தவறுன்னு எங்க சார் இருக்கு இதுல?”

“கீழே தலைப்பில் இருக்கிறது.”

தலைப்பை இரண்டு பகுதியாக அமைத்திருந்தேன். மேலே, தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி, சிவப்பில், ஒரு அடி உயரத்துக்கு, ‘குழந்தை கடத்தும் கும்பல்!’ அதன் கீழே நீலத்தில், ‘வதந்திகளும் சமூக ஊடகங்களும், மாபெரும் கருத்தரங்கம்.’ நடுவில் செல்லாண்டி படம். என் படத்தைவிட ஒரு சுற்று பெரிதாகவே போடச் சொன்னேன். சிறப்பு விருந்தினர் அல்லவா. அவருக்குப் பக்கத்தில் ஆய்வாளர், சீருடையில், தொப்பியோடு.

“சார், இது போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு” என்றார் ரெஜினா.

“கௌரவமாக இருக்கிறது என்று சொல்லு” என்றேன்.

புதன்கிழமை பஸ் ஸ்டாண்டு வாசலில் கட்டிவிட்டோம். அதையே அழைப்பிதழாக எல்லாக் குரூப்புக்கும் அனுப்பினேன், பதினொன்றுக்கும். ஞாயிறு வரை நாலு நாள் பார்த்தேன், நின்று பார்க்காத ஆள் கிடையாது. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். ‘செயற்கை நுண்ணறிவு, வரமா சாபமா’ ஃப்ளெக்ஸை ஒரு மாடுகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆரம்பம். பத்தே முக்காலுக்குப் பதினாலு பேர் வந்திருந்தார்கள், ஆரம்பித்துவிட்டோம். ஆய்வாளர் வரவில்லை, பந்தோபஸ்து வேலை. வாழ்த்துச் செய்தி அனுப்பியிருந்தார். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து வரவேற்புரை நடக்கிறது, மாடிப்படியில் தடதடவென்று சத்தம். செல்லாண்டி வந்தார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேடைக்கு வருகிறவர் உடுப்பில் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார், ஆனால் மேல் பொத்தான் இரண்டும் இல்லை, தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்குகிறது. பஸ் தாமதம்போல என்று நினைத்து நேராக மேடைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தேன்.

அவர் பின்னாலேயே கூட்டம் வந்தது. முதலில் பத்துப் பன்னிரண்டு பேர். அப்புறம் இன்னும் பத்துப் பேர். எல்லாம் பஸ் ஸ்டாண்டு ஆட்கள். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பூக்கடை. எங்கள் நிகழ்ச்சிக்கு எந்நாளும் வராதவர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமானிய மக்களிடம் கருத்து போய்ச் சேரவில்லை என்பதுதானே ஆறு வருஷமாக என் குறை.

“பின்னால் நிற்கும் அன்பர்கள் முன்வரிசையில் வந்து அமருமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று இரண்டு தடவை சொன்னேன். யாரும் உட்காரவில்லை. படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கையில் போனை வைத்து அதையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார். நிகழ்ச்சி நிரலைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு ஆர்வம்.

செல்லாண்டி என் பக்கம் சாய்ந்து, “சார், கீழ தொரத்திட்டு வந்தாங்க” என்றார். “அந்தப் பேனரப் பாத்துட்டு என்னையும் பாத்தாங்க. பஸ்ஸ விட்டு எறங்குனதும் புடிச்சாங்க. இப்பவே மைக்குல சொல்லிப்போடுங்க சார், நான் அந்தாளு இல்லீன்னு. ஒரே வார்த்தைங்க.”

முதல் தடவை மேடை ஏறுகிறவர்களுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் இப்படி வரும். நான் நிரலைக் காட்டினேன். “உங்கள் பேச்சு ஏழாவது. அதற்கு முன்னால் என் அறிமுகவுரை. அதில் எல்லாம் வரும். இடையில் சொன்னால் ஒழுங்கு கெட்டுவிடும்” என்றேன்.

“பொறத்தாண்ட வழி இருக்குங்களா?” என்று கேட்டார்.

“அறிமுகவுரை முடிந்ததும் போகலாம், கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்” என்றேன். தண்ணீர் கொடுத்தேன். இடது கையால் வாங்கப் போய் டம்ளர் நழுவிவிட்டது. அந்தக் கை சரியாகத் திரும்பாது போலிருக்கிறது.

வரவேற்புரை, தலைமையுரை, ஒரு பேராசிரியர், ஒரு கவிஞர், ஆய்வாளரின் வாழ்த்துச் செய்தி, இதெல்லாம் முடிய ஒன்றே முக்கால் மணி நேரம். டாக்டர் கொஞ்சம் நீட்டிவிட்டார். அத்தனை நேரமும் பின்னால் நின்றவர்களில் ஒருத்தர் நகரவில்லை. செல்லாண்டியும் நகரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சாளர் அவையைப் பார்க்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் இமைக்காமல் பார்க்கக் கூடாது.

இது என்ன ஊர்? குளித்தலையா? கண்டக்டரிடம் கேட்டுச் சொல்லுங்களேன். நாலு மணிக்குள் போய்விட வேண்டும்.

சரி. என் முறை வந்தது. இந்த அறிமுகவுரைக்கு மூன்று நாள் தயாரித்தேன். வதந்தி என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட வதந்தியையே வாசித்துக் காட்டினால் மனசில் பதியும். உணர்ச்சியோடு வாசித்தேன். ‘எச்சரிக்கை’ என்பதைக் குரலை உயர்த்தி. ‘குழந்தைகளை வலையில் சுருட்டி’ என்ற இடத்தில் மெதுவாக. எங்கள் வழக்கப்படி ஒரு ஒலிபெருக்கியைக் கீழே பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக் கட்டியிருப்போம், மாடி ஏறி வர முடியாதவர்களும் கேட்கட்டும் என்று. அதனால் வாசிக்க வாசிக்கக் கீழேயிருந்தும் ஆள் வந்துகொண்டே இருந்தது. நிற்க இடமில்லை.

‘இவனைக் கண்டால் உடனே பிடித்து’ என்ற இடத்தில் கையைப் பின்பக்கம் அவர் இருந்த திசையில் நீட்டினேன். நீட்டிவிட்டு நிறுத்தினேன். அடுத்த வாக்கியம், ‘இது முழுப் பொய்’ என்பது. அதற்கு முன்னால் ஒரு மௌனம் விட வேண்டும். அது பேச்சுக் கலை.

அந்த மௌனத்தில்தான் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் மேடையை நோக்கி வந்தார்கள்.

கைகுலுக்க வருகிறார்கள் என்று நினைத்து நானும் ஒரு அடி முன்னால் வந்தேன். பார்த்தால் என்னைத் தாண்டிப் போகிறார்கள். ஒருவர், “எங்கடா அவன்?” என்று கத்தினார். “மரியாதையாகப் பேசுங்கள், அவர் சிறப்பு விருந்தினர்” என்று சொல்லித் திரும்பினேன். நாற்காலி காலி. மேசை விரிப்பு கீழே கிடக்கிறது. ஹாலுக்குப் பின்னால் சமையல்கட்டு, அதற்கு ஒரு இரும்புப் படி உண்டு. அந்தக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ரெஜினாவையும் காணவில்லை.

கூட்டம் முழுக்க அந்த வழியாகவே இறங்கி ஓடிவிட்டது. நன்றியுரைக்கு வந்தபோது அவையில் ஏழு பேர். ‘இது முழுப் பொய்’ என்ற வாக்கியத்தை அந்த ஏழு பேருக்குத்தான் சொன்னேன். அதில் ஒருவர் மைக் செட்காரர்.

படம் இல்லை. பரிசு கையில். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சாயங்காலம் ரெஜினாவைக் கூப்பிட்டேன். “ஏம்மா, நிகழ்ச்சி நடக்கும்போது படம் எடுக்கிறவர் எழுந்து போகலாமா?”

“புதுக்கோட்டையில பஸ் ஏத்திவிட்டுட்டு இப்பத்தான் சார் வர்றேன்” என்றார். “ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து, என் தோளப் புடிச்ச கைய அந்த மனுஷன் எடுக்கவே இல்ல. பஸ்ஸுக்குள்ள ஏறினதும் என்ன கேட்டாரு தெரியுமா? ‘அந்தச் சார் குரூப்புல அந்த வரியப் போட்டுட்டாரான்னு பாருங்க’ன்னு கேட்டாரு. போட்டீங்களா சார்?”

“நன்றியுரையில் சொல்லியிருக்கிறோம்” என்றேன்.

அந்த அம்மாள் அதற்கப்புறம் என் போனை எடுப்பதில்லை. எழுபதாவது கருத்தரங்கத்துக்கு ஃப்ளெக்ஸ் அறந்தாங்கியில் அடித்தோம். எழுத்து மங்கல்.

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள் இல்லையா, அந்த வரி? ஆண்டறிக்கையில் போடப் போகிறேன். விரிவாக, இரண்டு பக்கம். அது அச்சில் வரும், நிலைத்து நிற்கும். குரூப்பில் போட்டால் அரை மணி நேரத்தில் மேலே போய்விடும், யார் பார்க்கிறார்கள்? ஆண்டறிக்கைக்கு அந்தப் படமும் வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணமே.

அவர் நம்பர் மாறிவிட்டது. மனோன்மணிக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ரெஜினாவும் அவளும் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால், “எதுக்கு?” என்கிறாள். பரிசு கொடுக்க என்றேன். “பாவம், இப்பத்தான் ஒரு மாசமா திரும்பவும் புள்ளையக் கூட்டிட்டு வர்றாராம். வாத்தியாரம்மாவே எல்லார்கிட்டயும் எடுத்துச் சொல்லியிருக்காங்களாம். நீங்க அங்க போயி நிக்காதீங்க” என்றாள். அதோடு விட்டாளா, என் கட்டிலில் இருந்த கொசுவலையை அவிழ்த்து மடித்து அவள் பெட்டியில் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “அந்தாளு தெச்ச வலைக்குள்ள நீங்க படுக்க வேணாம்” என்றாள். நான்கு மாதமாகக் கொசுவர்த்திச் சுருள்தான் கொளுத்துகிறேன். எனக்குப் புகை ஒத்துக்கொள்வதில்லை. இதெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் எனக்கும் வழி தெரியும். திருச்சியில் பஸ் நின்றதே இருபது நிமிஷம், அப்போதே வேலையை முடித்துவிட்டேன். எங்கள் ஓய்வூதியர் குரூப்பில் கரூர்க்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுப்பி, அவர்கள் தெரிந்த குரூப்பில் எல்லாம் போடச் சொன்னேன். இதோ, வாசிக்கிறேன்: ‘படத்தில் இருப்பவர் கரூர்ப் பகுதியில் இருப்பதாகத் தெரிகிறது. கொசுவலை விற்பவர். மாலை நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் நிற்பார். இவரைக் கண்டால் உடனே கீழ்க்கண்ட எண்ணுக்குத் தெரிவிக்கவும். அதிகம் பகிரவும்.’ மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள். படம் அதேதான், வேறு இல்லை. பரிசு விஷயத்தை எழுதவில்லை. நேரில் போய்க் கொடுக்கும்போது ஒரு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும்.

மணி என்ன? நாலு பத்தா? பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

இருங்கள், செய்தி வருகிறது. யார் என்று தெரியவில்லை, புது நம்பர். மூக்குக் கண்ணாடி எங்கே வைத்தேன்... ‘சார், ஸ்கூல் வாசல்ல நின்னான். பிடிச்சு வெச்சிருக்கோம். கூட்டம் சேர்ந்துடுச்சு. சீக்கிரம் வாங்க.’

பார்த்தீர்களா? இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இதே வேலைக்கு எங்கள் காலத்தில் டிரங்க்கால் போட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். வரமாவதும் சாபமாவதும் பயன்படுத்துகிறவர் கையில் இருக்கிறது என்று இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? கரூருக்கு இன்னும் அரை மணி இருக்கிறதே. போனை என்னிடம் கொடுங்கள், எதற்குப் பிடுங்குகிறீர்கள்? டிரைவரிடமா போகிறீர்கள்? நல்லது, கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லுங்கள். பையைப் பார்த்து வையுங்கள், கண்ணாடி. அவரை ரொம்ப நேரம் காக்க வைக்கக் கூடாது. போன தடவையே அவ்வளவு நேரம் மேடையில் உட்கார வைத்துவிட்டோம் என்று அவருக்கு மனத்தாங்கல் இருக்கும்.